கல்லீரல் செல்லுக்குத் துணை எதற்கு?

போன வருஷம் ஒரு ஆய்வுக் கூட்டத்தில் எலி செல்களோடு சேர்த்து வளர்த்த மனிதக் கல்லீரல் செல்களில் எங்களுக்குக் கிடைத்த முடிவுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த மருந்தியல் ஆய்வாளர் கை தூக்கினார். "எல்லாம் சரிப்பா, அந்த எலி செல்லையெல்லாம் எடுத்துட்டு வெறும் கல்லீரல் செல்லோட டேட்டா இருந்தா காட்டு. இதுல எது மனுஷன், எது எலின்னு எப்படி நம்புறது?" என்றார். "சார், தனியா வச்சா ஒரு வாரம்கூட ஒழுங்கா வேலை செய்யாது" என்றேன். "அப்போ அது உன் கல்ச்சரோட பிரச்சினை" என்று, நான் செல்லை வளர்க்கும் முறையைக் குறைசொல்லி முடித்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வகைச் செல்களைக் கலந்து வைத்து ஒரு எண்ணை எடுத்தால், அந்த எண் யாருடையது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அடியில் இருந்த எண்ணம், அதாவது ஒரு செல்லின் உண்மையான குணம் அது தனியாக இருக்கும்போதுதான் தெரியும், பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் கலப்படம் என்ற எண்ணம், அன்றிலிருந்து என்னை விடவே இல்லை. ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, ஒரு வரியில் மறுக்கவும் முடியவில்லை.

உடம்புக்குள் கல்லீரலைப்போல் பிடிவாதமான உறுப்பு வேறு கிடையாது. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வளர்ந்துவிடுகிறது. ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அதே செல்களைப் பிரித்து எடுத்து, கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் பூசிய பிளாஸ்டிக் தட்டில், நல்ல மீடியத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில், 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் மனசு நிறையும். பலகோண வடிவம், பளிச்சென்ற ஓரங்கள், பலவற்றில் இரண்டு உட்கருக்கள், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பித்தநீர் ஓடுகிற நுண்கால்வாய்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். அடுத்தடுத்த நாட்களில் ஓரங்கள் மங்கும், செல்கள் தட்டையாகப் படரும், ஒரு வாரம் போனால் இது கல்லீரல் செல்தான் என்று சத்தியம் செய்யத் தயங்குவீர்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளே சரிவு தொடங்கியிருக்கும். மருந்தை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே வேகமாகக் குறைகின்றன, பின்னாலேயே கல்லீரல் ரத்தத்துக்குத் தரும் அல்புமின் என்ற புரதத்தின் சுரப்பும் இறங்குகிறது.

உயிரோடு இருப்பது வேறு, வேலையில் இருப்பது வேறு. இதை நினைவில் வைக்காமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. கல்லீரல் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த ஹெப்ஜி2 என்ற செல் வரிசை உலகமெங்கும் ஆய்வகங்களில் 40 வருஷத்துக்கும் மேலாகப் பெருகிக்கொண்டே இருக்கிறது. துணையும் தேவையில்லை, பெரிய கவனிப்பும் தேவையில்லை. ஆனால் மருந்தை உடைக்கும் வேலையில் அது உண்மையான கல்லீரல் செல்லின் பக்கத்தில்கூட வராது.

செல்களைப் பிரித்தெடுக்கும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1969-இல் பெர்ரியும் ஃப்ரெண்டும் கொலாஜனேஸ் நொதியைக் கல்லீரலின் ரத்தக் குழாய் வழியாகவே ஓடவிட்டுச் செல்களைப் பிரித்தார்கள். நார்வேயில் செக்லென் அதை இரண்டு கட்டமாக ஒழுங்குபடுத்தினார்: முதலில் கால்சியம் இல்லாத கரைசலை ஓடவிட்டுச் செல்களின் பிடிப்பைத் தளர்த்துவது, பிறகு கொலாஜனேஸால் நடுவில் இருக்கும் இழைகளைக் கரைப்பது. இன்றுவரை அநேகமாக எல்லோரும் செய்வது அதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான். கடைசியில் குழம்பி நிற்கும் அந்தக் கலவையை வடிகட்டி, மிகக் குறைந்த வேகத்தில் சுழற்றுவோம். கல்லீரல் செல்கள் பெரியவை, அதனால் அடியில் படியும். ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள், குப்ஃபர் செல்கள் என்ற நோய்த்தடுப்புச் செல்கள், ஸ்டெல்லேட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள் எல்லாம் சிறியவை, மேலே மிதக்கும். அந்த மேல்நீரை உறிஞ்சிக் கொட்டிவிடுவோம். சுத்தமான கல்லீரல் செல் என்று நாம் சொல்வது அந்த நிமிடத்தில்தான் உருவாகிறது. அதற்கு முன்னால் அப்படி ஒன்று எங்கேயும் இருந்ததில்லை.

பிரான்ஸில் ஒரு முயற்சி

தட்டில் தனியாக வாடுகிற செல்லுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள், வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள், பலவிதமான மீடியம் மாற்றிப் பார்த்தார்கள். எல்லாம் சரிவைத் தள்ளிப்போட்டன, நிறுத்தவில்லை. 1979-இல் லாங்கன்பாக்கும் அவருடன் இருந்தவர்களும் கதிர்வீச்சால் பெருக்கத்தை நிறுத்திய எலிக்கரு ஃபைப்ரோபிளாஸ்ட்களின், அதாவது இணைப்புத் திசுச் செல்களின், மேல் கல்லீரல் செல்களை வளர்த்து, அவை கூடுதல் நாள் தாங்குவதைக் காட்டினார்கள். பிரான்ஸின் ரென் நகரத்தில் கிறிஸ்தியான் குகுவான்-கியூசோவின் குழு 1983-இல் வெளியிட்டதுதான் இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போகிற வேலை. கல்லீரலிலிருந்தே எடுத்த இன்னொரு வகைச் செல்லை, உறைத் திசுவைச் சேர்ந்த எபிதீலியச் செல்லை, எலியின் கல்லீரல் செல்லோடு சேர்த்து வளர்த்தார்கள். அல்புமின் சுரப்பு நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் நின்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இறங்கிக்கொண்டிருந்த சுரப்பைத் துணைச் செல் சேர்த்ததால் மீண்டும் தூக்கிவிடவும் முடிந்தது என்பது. அப்படியானால் தட்டில் அந்தச் செல் செத்துக்கொண்டிருக்கவில்லை. வேலையைத்தான் நிறுத்தி வைத்திருந்தது.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. துணைக்கு வருபவர் கல்லீரல்காரராக இருக்க வேண்டும் என்றே இல்லை, அதே உயிரினமாகக்கூட இருக்க வேண்டாம். மனிதக் கல்லீரல் செல்லுக்கு இன்று அதிகம் பயன்படும் துணை 3டி3-ஜே2 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட். 3டி3 என்பது 1960-களின் தொடக்கத்தில் டோடாரோவும் ஹவர்ட் கிரீனும் சுவிஸ் எலிக்கருவிலிருந்து உருவாக்கிய வரிசை. அதன் பிள்ளை வரிசையான ஜே2 தோல் செல்களை வளர்ப்பதற்காகக் கிரீனின் ஆய்வகத்தில் புழங்கியது. கல்லீரலோடு எந்த உறவும் கிடையாது. அப்படியென்றால் எந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. எலிக் கல்லீரல் செல்லோடு சேர்த்துப் பார்த்தபோது ஜே2 நன்றாகத் தாங்கியது, அதன் உறவான என்ஐஹெச்-3டி3 சுமார், எலிக்கருவிலிருந்து நேரே எடுத்தவை மந்தம். சரி, கல்லீரலின் சொந்தத் துணைகளையே வைத்தால் என்ன? அவற்றுக்கும் தனிமைப் பிரச்சினை உண்டு. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்களில் சல்லடைபோல் இருக்கும் துளைகள் தட்டில் சில நாளிலேயே காணாமல் போகின்றன. குப்ஃபர் செல்கள் கோபித்துக்கொண்டு இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தால், நாம் காப்பாற்ற நினைத்த பி450 நொதிகளே அடங்கிவிடும். இயற்கையில் பக்கத்தில் இருந்தவர்தான் தட்டிலும் சிறந்த துணை என்று நான் ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்திருப்பேன், இந்த விவரங்கள் மட்டும் இல்லையென்றால்.

சிலிக்கான் சீப்பு

1990-களில் பாஸ்டனில் மெஹ்மெட் டோனரின் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சங்கீதா பாட்டியா, கணினிச் சில்லு செய்யும் ஒளி அச்சு முறையைக் கொண்டுவந்து கல்லீரல் செல்களைத் தட்டில் தீவுகளாக உட்காரவைத்தார். நடுவில் கொலாஜன் வட்டம், அதில் கல்லீரல் செல்கள், சுற்றிலும் ஃபைப்ரோபிளாஸ்ட். கலந்து கொட்டியிருந்தால் தெரிந்திருக்காத ஒன்று இதில் தெரிந்தது. பெரிய தீவுகளில் அல்புமினுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கரையோரச் செல்களில்தான் நிறம் அதிகம். ஆனால் கல்லீரல் செல்களுக்குத் தங்கள் இனத்தின் கூட்டமும் வேண்டும், ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபைப்ரோபிளாஸ்ட் கடலில் போட்டாலும் சரிவராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடித்து, 2008-இல் சல்மான் கேத்தானியும் அவரும் மனிதச் செல்களுக்கு 500 மைக்ரோமீட்டர் தீவுகள் என்று வடிவமைத்தார்கள். அந்தத் தட்டுகள் நான்கிலிருந்து ஆறு வாரம்வரை வேலை செய்தன.

ஆனால் என் மனசை மாற்றியது அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2007-இல், எலியட் ஹூயியும் பாட்டியாவும் வெளியிட்ட இன்னொரு கட்டுரை. அவர்கள் சிலிக்கானில் இரண்டு சீப்புகள் செய்தார்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் ஒன்றின் பற்கள் இன்னொன்றின் பற்களுக்கு நடுவே சரியாகப் போய் உட்காரும். ஒரு சீப்பில் எலியின் கல்லீரல் செல்களை வளர்த்தார்கள், இன்னொன்றில் ஃபைப்ரோபிளாஸ்ட்களை. இடுக்கியால் தள்ளினால் இரண்டு வகைச் செல்களும் ஒன்றையொன்று தொடும். கொஞ்சம் இழுத்தால் நடுவில் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு இடைவெளி வரும். முழுக்கப் பிரித்து எடுத்தும் வைக்கலாம். வேறு சீப்போடு மாற்றியும் சேர்க்கலாம். செல்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அவற்றின் அண்டை வீட்டார் மட்டும் நகர்வார்கள். இந்த எளிமையை என்னால் இன்றுவரை வியக்காமல் இருக்க முடியவில்லை. தொடுவதால் நன்மையா, அல்லது பக்கத்திலிருந்து ஏதோ கசிந்து வருவதால் நன்மையா என்று 25 வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த கேள்வியை இடுக்கியால் நகர்த்தி நகர்த்திக் கேட்டுவிட்டார்கள்.

கிடைத்த விடை இரண்டு பக்கத்துக்கும் பாதி பாதி வெற்றி என்று முடியவில்லை, ஒரு வரிசையாக வந்தது. முதலில் நேரடித் தொடுகை வேண்டும், ஆனால் சில மணி நேரம் போதும். அதன் பிறகு தொட வேண்டியதில்லை, ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டும், கடைசிவரை. எவ்வளவு பக்கம் என்றால் 400 மைக்ரோமீட்டருக்குள், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தொடாமலே பக்கத்தில் வைத்தால் பலிக்கவில்லை. தொட்டுவிட்டுத் தூரமாகக் கொண்டுபோனாலும் பலிக்கவில்லை. முதலில் தொடுகை, பிறகு அருகாமை, இந்த வரிசையில் மட்டும்தான் கல்லீரல் செல் தன் வேலையைத் தொடர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ இடம் மாறியது. அதுவரை துணைச் செல் என்றால் ஊட்டச்சத்து மாதிரி ஒன்றைச் சுரக்கும், அதைக் கண்டுபிடித்து ஒரு குப்பியில் அடைத்தால் துணைச் செல்லை அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மூத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், சுத்தமான மீடியம் கண்டுபிடிக்காதது என் குறை என்று அவர் சொன்னதன் பொருள் அதுதான். இந்தப் பரிசோதனையின்படி கல்லீரல் செல்லின் நிலை என்பதே ஒரு வரலாறு. யாரைத் தொட்டது, எப்போது தொட்டது, இப்போது யார் அருகில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்தச் செல்லுக்கு வெளியே இருக்கிற சூழ்நிலைகளாக இல்லை, அதற்குள்ளேயே எழுதப்பட்டு அடுத்து எந்த மரபணு விழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. தனியாக வைத்து அளந்தால் உண்மையான செல் கிடைக்கும் என்பது இங்கே பொருளில்லாமல் போகிறது. தனியாக வைப்பதும் ஒரு பரிசோதனைதான், அதுவும் கடுமையான ஒன்று.

குப்பியில் அடைத்தவர்கள்

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் டெங் ஹோங்குய்யின் குழு, எந்தத் துணைச் செல்லும் இல்லாமல், ஐந்து சிறு வேதிப்பொருள்களை மட்டும் சேர்த்து மனிதக் கல்லீரல் செல்களை ஒரு மாதத்துக்கும் மேல் வேலையில் நிறுத்திக் காட்டியது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் அவற்றில் தொற்றி வாரக்கணக்கில் தங்கியது. அந்தக் கட்டுரை வந்தபோது எனக்கு முதலில் ஒரு சின்ன ஏமாற்றம்தான், கட்சி தோற்ற மாதிரி. அந்த ஐந்தும் என்ன செய்கின்றன என்று வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது. ஒன்று செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளின் அளவை ஏற்றுகிறது. மற்ற நான்கும் தடுப்பான்கள்: டிஜிஎஃப்-பீட்டா, நாட்ச், விண்ட், பிஎம்பி என்ற நான்கு சமிக்ஞைப் பாதைகளை ஒவ்வொன்றாக அடைக்கின்றன.

ஐந்தில் நான்கு, எதையும் ஊட்டவில்லை. எதையோ கேட்கவிடாமல் செய்கின்றன. என் கணிப்பு இது: கொலாஜனேஸால் அண்டையர் எல்லாம் கரைந்து, தனியே பிய்த்து எடுக்கப்பட்ட செல் தன் உறுப்புக்குப் பெரிய காயம் பட்டுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பிரித்தெடுக்கும் வேலையே அழற்சி, பெருக்கச் சமிக்ஞைகளைக் கிளப்பிச் செல்லை ஓய்வு நிலையிலிருந்து எழுப்பிவிடுகிறது என்பது தெரிந்த விஷயம். கண்விழித்தபோது வீடு இடிந்து கிடந்தால் யாரும் அலுவலகத்துக்குக் கிளம்பமாட்டார்கள், அந்தச் செல்லும் அல்புமின் செய்வதை நிறுத்திவிட்டுப் படரவும் பெருகவும் பார்க்கிறது. ஐந்து வேதிப்பொருள்கள் அந்த அபாய ஒலியை அடைக்கின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் அதையே வேறு வழியில், தொட்டும் அருகில் இருந்தும் செய்கிறது என்று நினைக்கிறேன். கேத்தானியும் பாட்டியாவும் ஜே2 செல்களில் தேடியபோது கையில் கிடைத்தவற்றில் டி-கெட்ஹெரின் என்ற செல்பரப்புப் புரதமும் டெக்கோரின் என்ற வெளிப்புரதமும் உண்டு. டெக்கோரின் டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்து வைக்கக்கூடியது. பீக்கிங் குழுவின் முதல் தடுப்பானும் ஜே2 செல்லின் சுரப்பும் ஒரே இடத்தில் கை வைப்பது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. உடம்புக்குள் கல்லீரலின் மையச் சிரையை ஒட்டிய செல்களுக்கு விண்ட் சமிக்ஞை அன்றாடத் தேவை, சிரையின் உட்சுவர்ச் செல்கள்தான் அதை வழங்குகின்றன. தட்டிலோ அதை அடைத்தால்தான் செல் நிலைக்கிறது. வேதிப்பொருள் வெற்றி பெற்றதும் துணையின் அவசியம் பொய்யாகிவிடவில்லை, துணை இல்லாத இடத்தில் எத்தனை கதவுகளை அடைக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு கிடைத்திருக்கிறது.

எலி எது, மனுஷன் எது என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை உண்டு. மனித அல்புமினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதம் இருக்கிறது, எலி ஃபைப்ரோபிளாஸ்ட் அல்புமின் செய்வதும் இல்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் உள்ள குழிகளை அதே தட்டில் வைத்துப் பின்னணியைக் கழிக்கலாம். டிஎன்ஏவைப் பிடிக்கும் ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றினால் எலியின் உட்கருவில் பளிச்சென்று புள்ளிகள் தெரியும், மனித உட்கரு ஒரே சீராக இருக்கும், பழகிய கண் ஒரு பார்வையில் பிரித்துவிடும். கஷ்டமான இடம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் அளவுதான். செல்களின் மொத்த ஏடிபியை வைத்து நச்சுத்தன்மையை மதிப்பிடும்போது ஃபைப்ரோபிளாஸ்ட்டும் தன் பங்கைக் கொடுத்துவிடும், கல்லீரல் செல் பாதி செத்தாலும் எண் பெரிதாக அசையாது. அங்கே அந்த மூத்தவர் சொன்னது முழுக்கச் சரி. ஏடிபியை மட்டும் வைத்து ஒரு கலப்புக் கல்ச்சர் பாதுகாப்பானது என்று சொல்லும் எந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன்.

வாரங்கள் எதற்கு வேண்டும்

இவ்வளவு பாடு எதற்கு, இரண்டு நாளில் சோதித்து முடித்துவிட்டால் துணையே தேவையில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளுக்கு ஃபியாலுரிடின் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். விலங்குச் சோதனைகள் எச்சரிக்கவில்லை. முதல் வாரங்களில் வைரஸ் குறைந்தது, எல்லோருக்கும் நம்பிக்கை. அப்புறம் 13-வது வாரத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது, சோதனையை உடனே நிறுத்தினார்கள், ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 15 பேரில் 7 பேருக்குக் கடும் பாதிப்பு, அதில் 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். அந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவுக்குள் மெல்ல மெல்ல நுழைந்து சேர்ந்துகொண்டிருந்தது. அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதம் மனிதர்களில் மைட்டோகாண்ட்ரியா வரை போகிறது, எலியில் போவதில்லை. இப்படிப்பட்ட நஞ்சைப் பிடிக்க மனிதச் செல்லும் வேண்டும், அது வாரக்கணக்கில் வேலையிலும் இருக்க வேண்டும். இரண்டு நாள் வயதான, சுத்தமான, தனியான செல் இங்கே எவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னாலும் அது தவறான பதில்.

எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மலேரியா. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு வைவாக்ஸ் மலேரியா புதிதல்ல, காய்ச்சல் போன பிறகும் 14 நாள் பிரைமாக்குயின் மாத்திரை சாப்பிடச் சொல்வார்கள், பாதிப்பேர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். அந்த 14 நாள் கல்லீரல் செல்லுக்குள் தூங்கும் ஹிப்னோசோயிட்டுகள் என்ற மலேரியா ஒட்டுண்ணி வடிவங்களுக்காக. அவை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்ப எழும். அவற்றைத் தட்டில் ஆராய வேண்டுமென்றால், அவை குடியிருக்கும் செல் அவை தூங்கும் காலம்வரை நிலைக்க வேண்டும். பாட்டியாவின் குழு தாய்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, அங்குள்ள நோயாளிகளின் ரத்தத்தால் கொசுக்களுக்குத் தொற்றேற்றி, அந்தக் கொசுக்களிலிருந்து எடுத்த வைவாக்ஸை எலி ஃபைப்ரோபிளாஸ்ட் சூழ்ந்த மனிதக் கல்லீரல் தீவுகளில் ஏற்றி வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தது. இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது பிரைமாக்குயினைத்தான். அது விழுங்கின வடிவத்தில் ஒட்டுண்ணியைக் கொல்லாது. கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த சிஒய்பி2டி6 நொதி அதை மாற்றிக்கொடுத்தால்தான் மருந்தாகிறது, அந்த நொதி மந்தமாக உள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் நோய் திரும்பியிருக்கிறது. துணையில்லாமல் ஒரு வாரம் தட்டில் கிடந்து பி450-களை இழந்துவிட்ட செல்லுக்குள் ஹிப்னோசோயிட் இருந்து, அதற்கு நாம் பிரைமாக்குயின் கொடுத்தால், மருந்து சரியாகவே இருந்தும் அந்தத் தட்டில் அது வேலை செய்யவில்லை என்றுதான் பதிவாகும்.